ரொட்டிக்கார மனாரும் பட்டுக் கயிறும்

மனார் என் அக்கா சுர்த்தாவின் புருஷன். எங்கள் தலைநகரமான இத்தில் என்ற ஊரில், ஆற்றின் கீழ்க்கரைச் சந்தையில் ரொட்டி சுட்டு விற்றவர். குட்டையான ஆள், பருத்த கழுத்து, சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அவர் சுடும் ரொட்டி எப்போதும் ஒரு பக்கம் கருகித்தான் இருக்கும். ஆனாலும் கூட்டம் அங்கேதான் நிற்கும். கூட்டம் வந்தது ரொட்டிக்காக இல்லை, அவர் உடம்பில் ஓடிய ரத்தத்துக்காக.

ரத்தம் என்று சொல்லிவிட்டால் உறவு சொல்லாமல் நகர முடியாது. அப்போது எங்கள் கசார் ஜனங்களுக்கெல்லாம் தலைவராக இருந்த ககானுடைய தாத்தாவும், மனாருடைய தாத்தா அல்பித்தும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள். மூத்த தாரத்து மகன் அரண்மனைக்குள் போனான். கடைசித் தாரத்து மகன் அல்பித். அவன் தாய் தெற்கு மலைப்பக்கத்துப் பெண். அவன் பங்குக்குக் கொஞ்சம் குதிரைகள் கொடுத்து மேய்ச்சலுக்கு அனுப்பினார்கள். அல்பித்தின் மகன் தர்காஷ், குடித்தே அந்தக் குதிரைகளைத் தொலைத்தான். தர்காஷின் மகன் மனாருக்கு மிஞ்சியது ஒரு மண் அடுப்பும், ககான் வீட்டுப் பங்காளி என்ற பேரும்தான்.

சந்தையில் அவரை யாரும் மனார் என்று கூப்பிட்டதில்லை. "ஏ ககான், கருகாததா பாத்து ரெண்டு குடு" என்பார்கள். அவரும் சளைக்காமல், நாடு ஒன்றைத் தானம் கொடுக்கிற மாதிரி கையை நீட்டி ரொட்டியைக் கொடுப்பார். எல்லாரையும் விட மோசம் என் தம்பி குபின்தான். எங்கள் மூன்று பேரில் அவன் கடைசி. ஆற்றங்கரையில் நாணல் அறுத்து, கட்டுக் கட்டாகப் படகில் கொண்டுவந்து விற்பவன். உண்மையான ககான் பருவத்துக்கு ஒரு முறை ஊர்வலம் வருவார். முன்னால் முரசு போகும். அவர் குதிரையில் வருவார். படை வெகுதூரம் பின்தங்கி வரும். வழியில் இருக்கிற அத்தனை பேரும், படைவீரன் முதல் பிச்சைக்காரன் வரை, முகத்தை மண்ணில் புதைத்து விழ வேண்டும். அவர் கடந்துபோகிற வரைக்கும் தலையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் தலை இருக்காது. அதனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாது. குபின் அதே மாதிரி மனாருடைய அடுப்புக்கு முன்னால் குப்புற விழுந்து கிடப்பான்.

"எந்திரிடா, வியாபாரம் கெடுது" என்பார் மனார்.

"ககான் கடந்து போகாம எப்படி மச்சான் எந்திரிக்கிறது? ரொட்டி ஏதாவது கடந்து வந்தா யோசிக்கலாம்."

மனார் ரொட்டி திருப்புகிற கம்பால் அவன் முதுகில் குத்துவார். அக்கா அடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். இப்படித்தான் காலம் போயிற்று. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக இரண்டு பேரும் வெளியே சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அவரே பிள்ளை மாதிரி இருந்தார். சாப்பிட்டாரா, காலில் கம்பளிச் சுற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

குளிர் முடிந்து ஆற்றுப் பனி உடைகிற காலம். ஜனங்கள் நகரத்தை விட்டு வயல்வெளிக்குக் கூடாரம் தூக்கிப் போவதற்குக் கம்பளங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ககான் போய்விட்டார் என்று சேதி வந்தது. எங்களுக்கு அதில் பெரிய துக்கம் ஒன்றுமில்லை. முகம் தெரியாத மனிதருக்காக எவ்வளவு அழ முடியும்? ககான் பேருக்குத்தான் தலைவர். படை நடத்துவது, வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் பெக் என்கிற தளபதி பார்த்துக்கொள்வார். அடுத்த ககானும் ஒருவர் வருவார், அவரையும் பார்க்கப் போவதில்லை என்று இருந்துவிட்டோம்.

ககானுக்கு இருந்த ஒரே மகன் அந்தக் குளிரிலேயே காய்ச்சலில் போயிருந்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. தம்பி மகன் ஒருவனுக்கு ஒரு கண் இல்லை. உடம்பில் குறை உள்ளவன் அந்த இடத்தில் உட்கார முடியாது. அப்படியே பங்காளி வரிசையில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தால், அது கீழ்க்கரைச் சந்தையில் மனாருடைய அடுப்பில் வந்து நிற்கிறது.

அன்று நான், மீனைக் காய்ச்சி நான் எடுக்கிற பசைக் கட்டிகளை விற்றுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பெக்கின் ஆட்கள் குதிரையை விட்டு இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் நல்ல உயரம், வெள்ளைத் தாடி, வெறுங்கால். அக்கா அவர்களைப் பார்த்து, எத்தனை ரொட்டி வேண்டும் என்று கேட்டாள். அந்த ஆள் மனாருடைய முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு மாவு சிந்திக் கிடந்த சேற்றில் குப்புற விழுந்தார். கூட வந்தவர்கள் விழுந்தார்கள். அதைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரன் விழுந்தான், எதிரே தோல் விற்பவன் விழுந்தான், அப்படியே சந்தை முழுக்க விழுந்துகொண்டே போனது.

குபின் வழக்கம் போல விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சிரித்தவன் பாதியில் நிறுத்தினான். நான் வாயில் இருந்த ரொட்டியோடேயே குப்புற விழுந்தேன். நிமிர்ந்து நின்றவர்கள் மனாரும் அக்காவும் மட்டும்தான்.

"என்னங்க இது," என்றாள் அக்கா. "ரொட்டி கருகுது."

மனார் அடுப்பைப் பார்த்தார். ரொட்டியை எடுக்கக் கையை நீட்டினார். வெள்ளைத் தாடிக்காரர் தரையில் கிடந்தபடியே, இனிமேல் அந்தக் கை எதையும் எடுக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா மனாருடைய தோளைத் தொடப் போனாள். பக்கத்துக் கடைக்காரி அக்காவின் காலைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளிவிட்டாள். அது அவள் செய்த உதவி. தொட்டிருந்தால் அக்கா அங்கேயே வெட்டுப்பட்டிருப்பாள்.

நாங்கள் தலை தூக்கியபோது மனார் இல்லை. அடுப்பில் ரொட்டி கரியாகி இருந்தது.

அக்கா அழவில்லை.  பிறகு எழுந்து நேராக மாவு வியாபாரியிடம் போனாள். அவர் குவாரிசம் தேசத்து முஸ்லிம். ககான் ஆகிறவர் யூத வேதக்காரராக இருக்க வேண்டும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். ககான் வீட்டுப் பங்காளி என்பதால் மனாரும் அந்த வேதத்தில் பிறந்தவர்தான். மற்றபடி யார் எந்த வேதத்தில் இருந்தாலும் கேட்பாரில்லை. முஸ்லிமுக்கு முஸ்லிம் நீதிபதி, கிறிஸ்தவருக்குக் கிறிஸ்தவ நீதிபதி, பழைய சாமி கும்பிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு நீதிபதி உண்டு. மனார் ரொம்ப நாளாகத் தங்களோடு தொழுகிறவர் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று அக்கா கேட்டாள். மாவு வியாபாரி யோசித்தார். மனார் தன் வாயால் முதலில் சொல்லட்டும், பிறகு நான் வந்து ஆமாம் என்கிறேன் என்றார்.

ககானுக்குப் பட்டம் கட்டும்போது பெண் கொடுத்த வீட்டிலிருந்து ஓர் ஆண் சாட்சிக்கு நிற்க வேண்டும். அந்த ஆள் நான்தான். புறப்படும்போது அக்கா என் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க என்ன கேட்டாலும் சரி, ஒரே பதில்தான். நான் குவாரிசத்துக்காரங்களோட தொழறவன். அத மட்டும் சொல்லச் சொல்லு. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புரியுதா?"

அரண்மனை ஆற்றுக்கு நடுவில், செங்கல்லால் கட்டியது. கரையிலிருந்து படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். வாசலில் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையில் எரிகிற குச்சி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த நெருப்போடுதான் ககான் முன்னால் போக முடியும். பெக்கே வந்தாலும் அப்படித்தான். உள்ளே மனாரைக் குளிப்பாட்டி, பட்டு உடுத்தி உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தாடியில் மாவு இல்லாத மனாரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வணங்குகிற சாக்கில் குனிந்து அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் உதடு அசையாமல் கேட்டார்.

"அழுதாளா?"

"இல்ல மச்சான். திட்டினா."

"அப்ப நல்லாத்தான் இருக்கா. சரி, சொல்லிடறேன்."

முகத்தில் பயம் இருந்தது. ஆனால் தலையை நன்றாகவே ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பாலத்தில் நடந்து வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று நான் மனசுக்குள் வழி போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளைத் தாடிக்காரர் பின்னால் வந்து அவர் கழுத்தில் பட்டுக் கயிற்றைப் போட்டார். கயிறு போடுவார்கள் என்று எல்லாரும் கேள்விப்பட்டதுதான். ஏதோ சடங்குக்கு மாலை போடுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் முட்டியை மனாருடைய முதுகில் கொடுத்து நெரித்தார். நிஜமாகவே நெரித்தார். மனாருடைய கால்கள் உதைத்தன. முகம் சிவந்து, நீலமாகி, நாக்கு வெளியே வந்தது. கண்கள் இரண்டும் பிதுங்கின. ஒருவரும் அசையவில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது கயிற்றைக் கொஞ்சம், மூச்சுக் காற்று ஒரு நூல் அளவு போகிற மாதிரித் தளர்த்தி, அவர் காதில் கேட்டார்கள்: எத்தனை வருஷம் ககானாக இருப்பீர்?

அப்படி மயக்கத்தில் வாயிலிருந்து எந்த எண் வருகிறதோ அதுதான் அவர் ஆயுள். அதற்கு முன்னால் அவராகச் செத்தால் சரி. அந்த வருஷம் வந்தும் உயிரோடிருந்தால் அவர்களே கொன்றுவிடுவார்கள்.

மனாருடைய வாய் திறந்தது. குவாரிசம் என்ற சொல்லுக்காக என் உடம்பெல்லாம் காதாக நின்றேன்.

"நாற்பது" என்றார்.

தெளிவாகச் சொன்னார். சட்டத்தில் அதற்கு மேல் இடமே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டால் புத்தி தேய்ந்துவிடும் என்று எந்தக் ககானையும் விடுவதில்லை. இருக்கிறதிலேயே பெரிய எண்ணைக் கேட்டார் என் மச்சான். என் கையிலிருந்த குச்சி கீழே விழுந்து கம்பளத்தைச் சுட்டது. யாரோ என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அக்கா பாலத்துக் கரையில் நின்றிருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்தாள்.

"சொல்லலையா?"

"இல்லக்கா."

"என்ன சொன்னாரு?"

சொன்னேன். அவள் முகத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாரோ கூப்பிட்டுக் கன்னத்தில் அறைந்த மாதிரி, அறைந்தவன் யார் என்று தேடுகிற மாதிரி இருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துக் கட்டினாள்.

"நாப்பது வருஷத்துக்கு மாவு பிசையணும்னா இப்பவே போய் ஆரம்பிக்கணும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்படியே ஆரம்பித்தாள். அடுப்பை அவளே நடத்தினாள். அவள் சுட்ட ரொட்டி கருகவில்லை. ஆனால் பழைய கூட்டம் இல்லை. வந்தவர்களும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். ககான் என்ற சொல்லை அந்த அடுப்புப் பக்கம் யாரும் உச்சரிக்கவில்லை. அரண்மனையில் அவருக்கு அரசர்கள் வீட்டுப் பெண்கள் மனைவிகளாக வந்துவிட்டார்கள் என்று கேள்வி. அக்கா யார் என்று அங்கே கேட்பாரில்லை. விதவை என்று சொல்லவும் முடியாது, புருஷன் உள்ளவள் என்று சொல்லவும் முடியாது. அப்படி ஒரு பிறவியை எங்கள் உறவுமுறையில் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பருவத்துக்கு ஒரு முறை அவர் ஊர்வலம் வருவார். அக்கா ஒரு முறை கூட விட்டதில்லை. முன் வரிசையில் போய்க் குப்புற விழுவாள். குதிரைக் குளம்புச் சத்தம் தலைமாட்டில் வந்து, கடந்து போகும். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வாள். ஒரு தடவை குபின் அவளைக் கேலி செய்தான்: என்னக்கா, பார்த்துட்டியா? அவள் சொன்னாள்: "வாசனை பிடிச்சேன்டா. சுட்ட மாவு வாசனை சுத்தமா போயிடுச்சு. குதிரை மூத்திரம்தான் மிச்சம்." அதற்குப் பிறகு அவனும் கேலி செய்வதை விட்டுவிட்டான்.

வருஷங்கள் போயின. நாற்பதில் கால்வாசி கூட ஆகவில்லை. ஒரு கோடையில் மழை இல்லை. ஆறு வற்றி மணல் திட்டுகள் முதுகு காட்டின. புல் இல்லாமல் ஆடுகள் செத்தன. மேற்கிலிருந்து பெச்சனேக்கர்கள் என்கிற நாடோடிக் கொள்ளைக் கூட்டத்தார் வந்து, செத்தது போக மிச்சமிருந்த குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ககானுடைய யோகம் வறண்டுவிட்டது என்பார்கள். எல்லாரும் கூடி, இவரை எங்களிடம் கொடு, இல்லையென்றால் நீயே கொன்றுவிடு என்று பெக்கிடம் கேட்பார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை அப்படி நடந்ததாகச் சொல்வார்கள்.

அந்தக் கூட்டம் பாலத்துக் கரையில் கூடியபோது நான் திகைத்துப் போனேன். தோல் விற்பவன் இருந்தான். பக்கத்துக் கடைக்காரி இருந்தாள். கருகாததா பாத்துக் குடு என்று கேட்டு வாங்கித் தின்ற அத்தனை வாயும் அங்கே நின்று, ககான் சாகணும் என்று கத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மனார் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மனார் வேறு, ககான் வேறு. மனாரைக் கொல்லச் சொல்கிறோம் என்று அவர்களில் ஒருவர்கூட நினைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன்.

கூட்டத்துக்குள் அக்காவும் நின்றாள். குபின் அவள் பக்கத்தில் போய், "நீயுமாக்கா கேக்க வந்த?" என்றான்.

"பொணமாவாவது முகத்தைக் காட்டுவாங்களான்னு பாக்க வந்தேன்," என்றாள்.

பெக்கின் ஆட்கள் உள்ளே போனார்கள். கயிற்றோடு போனார்கள் என்று பேச்சு பரவியது. கூட்டம் அடங்கிவிட்டது. வெயில் சுட்டது. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாசல் திறந்தது. முரசு இல்லை, குதிரை இல்லை. வெறுங்காலோடு, பட்டுச் சட்டையோடு, குட்டையான ஓர் ஆள் பாலத்தில் நடந்து வந்தார். பின்னால் வாசலில் பெக்கின் ஆட்கள் கையில் கயிற்றோடு நின்றார்கள். தானே எழுந்து நடக்கிற ககானைத் தடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை. அவர் பாலத்தில் கால் வைத்ததும் அவர்களும் குப்புற விழுந்தார்கள். "ககான்" என்று யாரோ முனகினார்கள். அவ்வளவுதான். அவரைக் கொல்லக் கேட்டு வந்த கூட்டம் மொத்தமும் காற்றடித்த நாணல் மாதிரி மண்ணில் சாய்ந்தது. நானும்தான். யோசித்து விழவில்லை, உடம்பே விழுந்துவிட்டது.

குதிரையில் வந்தால் குளம்புச் சத்தம் சொல்லும், கடந்துவிட்டார் என்று. முரசு சொல்லும். புழுதியில் வெறுங்காலோடு நடப்பவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? தலையைத் தூக்கிப் பார்க்கத் துணிந்தவன் அங்கே ஒருவனும் இல்லை.

என் கண்ணுக்கு நேரே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பக்கத்தில் கிடந்த அக்காவுக்கு முன்னால்தான் நின்றன.

"சுர்த்தா," என்றார் மெதுவாக. "உள்ள கயிறு எடுத்துட்டு வந்தாங்க. பயமா இருந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்."

 அக்கா மண்ணிலிருந்து தலையைத் தூக்கினாள். எழுந்தாள். ககானுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாய மூடிட்டு நடங்க," என்றாள்.

குபினும் நானும் முழங்காலால் தவழ்ந்து பின்னால் போனோம். கூட்டத்தின் ஓரம் தாண்டி நாணல் காட்டுக்குள் நுழைந்ததும் குபின் தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டான். அவருடைய பட்டைச் சுருட்டிச் சேற்றில் மிதித்தான்.  குபினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னும் விழுந்தே கிடக்கிறார்கள் அண்ணே, பொழுது சாயும்வரை கிடப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

படகில் ஏறும் முன் அக்கா மனாரை நிறுத்தினாள். இத்தனை வருஷமாக அவள் வயிற்றில் வைத்திருந்த கேள்வி அது.

"ஏன் நாப்பதுன்னு சொன்னீங்க?"

மனார் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீ சொல்லி அனுப்பினது ஞாபகம் இருந்துச்சு சுர்த்தா. கயிறு இறுகற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் நீயும் இல்ல, வீடும் இல்ல. மூச்சு நின்னு போனவன்கிட்ட எத்தனை வருஷம் வேணும்னு கேட்டா, அவன் கம்மியாவா கேப்பான்?"

அக்கா படகில் ஏறி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். குபின் துடுப்பு போட்டான். ஆறு கடலில் சேரும் இடத்தில், எங்கள் அம்மா வழிச் சொந்தம், மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இரண்டு பேரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு, சில நாள் கழித்துக் கருவாட்டுக் கட்டோடு திரும்பி வந்தான். அக்கா இன்னும் அவரோடு பேசவில்லை, ஆனால் அடுப்புக்கு மண் குழைக்கிறாள் என்றான்.

அதற்குள் இங்கே வேறு நடந்திருந்தது. ககான் ஓடிப்போனார் என்று எந்த பெக் வாய் திறந்து சொல்வார்? ஓடிப்போன ககான் என்று ஒரு பொருள் எங்கள் நாட்டில் கிடையாது. ஜனங்கள் கேட்டபடி ககான் இறந்தார் என்று அறிவித்துவிட்டார்கள். அதே வாரம் நல்ல மழை பிடித்தது. பார்த்தாயா என்று ஊர் பேசிக்கொண்டது.

இறந்த ககானுக்குக் கல்லறை வேண்டும். எங்கள் ககான்களை ஆற்றுக்கு அடியில் புதைப்பார்கள். கிளை ஆறு ஒன்றை அணை போட்டுத் திருப்பி, அதன் படுகையில் பல அறை உள்ள வீடு ஒன்றைக் கட்டி, ஒவ்வோர் அறையிலும் ஒரு குழி வெட்டி, எதிலோ ஒன்றில் அவரை வைத்துவிட்டு, ஆற்றை மறுபடி அதன் மேல் விடுவார்கள். எந்த அறை என்று யாரும் வெளியே சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே வைத்த ஆட்களின் தலையை அங்கேயே வெட்டிவிடுவார்கள். இது ஊருக்கே தெரியும். அதனால் பெக்கின் ஆட்கள் மண்வெட்டியோடு நாணல்காரர்கள் குடியிருப்புக்கு வந்தபோது, ஆண்கள் எல்லாம் காட்டுக்குள் ஓடினார்கள்.

குபின் ஓடவில்லை. நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவனுக்கு ஒரே சிரிப்பு.

"அண்ணே, உள்ள ஆள் இருந்தாத்தானே எந்த அறைன்னு சொல்லுவோம்னு பயப்படுவாங்க? இந்தக் குழி காலிண்ணே. காலிக் குழிக்கு எவன் தலைய எடுக்கப் போறான்? கறி போடுவாங்க, தின்னுட்டு வரேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒளிந்தவர்களில் சிலரைக்கூட அவனே கூப்பிட்டான். காரணம் சொல்ல முடியாது, ஆனால் இந்தத் தடவை ஒன்றும் ஆகாது, என் பேச்சை நம்பி வாங்கடா என்றான். அவனை நம்பி அவர்களும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். போகும்போது பாட்டு பாடிக்கொண்டு போனார்கள்.

ஆறு பழைய படுகைக்குத் திரும்பிவிட்டது என்று சேதி வந்தது. ஆட்கள் வரவில்லை. அவர்கள் பெண்டாட்டிகள் கரையில் போய் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். நாள் ஆக ஆக, உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. காலிக் குழிதானே, காலிக் குழிதானே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் இருக்கிற குழியில் எந்த அறை என்பது ஒரு சின்ன ரகசியம். குழியில் ஆளே இல்லை என்பதை விடப் பெரிய ரகசியம் அந்த நாட்டில் வேறு என்ன இருக்க முடியும் என்பது என் மரமண்டையில் ஏறியபோது, கரையில் நான் மட்டும்தான் மிச்சமிருந்தேன்.

படகை எடுத்துக்கொண்டு கடல் முகத்துக்குப் போனேன். மனார் புது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் மாவு. அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் பேச ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அவன்? கருவாட்டுக்குக் கணக்கு பேசறதுக்கு அவன்தானே வரேன்னான்."

கல்லறை வெட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். மனார் கையில் ரொட்டியோடு எழுந்து வந்தார். அவருக்குச் சேதி ஒன்றும் எட்டியிருக்கவில்லை.

"யாருக்குக் கல்லறை? புதுசா வந்த ககானும் அதுக்குள்ள செத்துட்டாரா?"

"இல்ல மச்சான். உங்களுக்குத்தான்."

அவர் சிரிக்கப் போன மாதிரி இருந்தது. கண்கள் சுருங்கின. பிறகு அந்தக் கண்கள், அன்று கயிறு இறுகியபோது எப்படிப் பிதுங்கினவோ அப்படிப் பெரிதாகத் திறந்தன. கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.  அக்கா அவரைத் தாங்கப் போகவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. படகுக்குள் இறங்கி, குபின் உட்காருகிற பலகையில் உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் அவள் இறங்கவில்லை.